ஏற்றுக்கொண்ட கடிதம்



கடிதம் எழுதி அனுப்பியவருக்கு அது உரியவர் கையிற் சேருமா என்னும் கவலை எக்காலத்திலும் இருந்தே வந்திருக்கிறது. ஓலையைத் தூதுவனிடம் கொடுத்தவர் இக்கவலையை அறிவர். தபாற்பெட்டியின் வாயிலே கடிதவுறையை இட்டபின், அது உள்ளே விழுந்ததோ என்று பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தவரும் அறிவர். இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் முகப்பில் விரல் வைத்து ஒரு கணத்திற் கடிதம் அனுப்புகின்றனர். நேரம் குறுகிவிட்டது, கவலை குறுகவில்லை. அனுப்பிய கடிதம் எங்கே தங்குகிறது, அதை யார் காக்கிறார், காக்கும் இடம் சுமை தாங்காது தளர்ந்தால் என்ன நேரும் என்பவற்றை அறிந்தவர் சிலரே. மின்னஞ்சலைத் தாங்கி நிற்கும் கணினியைப் பற்றியும், அதனை ஆள்வோரின் கடமையைப் பற்றியும் சிறிது நோக்குவதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

அக்கணினியைச் சேவையகம் என்பர். பேச்சு வழக்கில் ‘சேர்வர்’ என்றே சொல்லப்படுகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஒரு திணைக்களத்துக்கோ அது தபாற்கந்தோர் போன்றது. வந்த கடிதத்தை வாங்குதல், ஊர்வாரியாகப் பிரித்தல், உள்ளூர்க் கடிதத்தைப் பெட்டியில் இடுதல், வெளியூர்க் கடிதத்தைப் பையிற் கட்டி அனுப்புதல் ஆகிய பணிகள் யாவும் அங்கே நடைபெறுகின்றன. ஆனால் அவற்றைச் செய்வோர் மனிதரல்லர். நிரல்கள் எனப்படும் கட்டளைத் தொகுதிகள். அந்நிரல்களை மேற்பார்வை செய்பவரே மனிதர். அவரை முறைமை நிருவாகி என்று அழைப்பர்.

இத்தகைய சேவையகங்களுட் பெரும்பாலானவை யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையிலோ, அதன் வழிவந்த லினக்ஸ் முதலியவற்றிலோ இயங்குகின்றன. யுனிக்ஸ் 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியாற் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த வேண்டும், ஒருவர் வேலை மற்றவர் வேலையைக் கெடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. பின்னர், 1971 இல், றே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக மடல் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே சுழியிட்ட குறியை வைத்து முகவரி எழுதும் வழக்கமும் அவரால் வந்ததே. பலர் கூடி வாழும் வீடு ஒன்றும், ஊர்விட்டு ஊர் செல்லும் தபால் ஒன்றும் இவ்வாறு இணைந்தன.

நம் நாட்டிலே இப்பணி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது. அங்கே பேராசிரியராயிருந்த அபய இந்துருவ 1989 இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். ‘லேர்ண்’ என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்கலாயிற்று. 1990 ஆம் ஆண்டிலே அதன் மின்னஞ்சற் சேவை செயற்படத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே இலங்கைக்குரிய ‘எல்கே’ என்னும் இணைய முகவரி ஈறும் பதிவு பெற்றது. அக்காலத்தில் உலகத்தோடு இடையறாத இணைப்பு இல்லை. கடிதங்கள் கணினியிலே சேர்த்து வைக்கப்பட்டு, தொலைபேசி வழியே தொடர்பு கிடைக்கும் வேளையில் ஒரு பொதியாக அனுப்பப்பட்டன. வந்த கடிதங்களும் அவ்வாறே வாங்கப்பட்டன. சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புதல் என்னும் இந்த முறைதான் மின்னஞ்சலின் உயிர்நாடி. 1995 இலே பொதுமக்களுக்கும் வணிக அடிப்படையில் இணையம் கிடைத்தது.

அந்த 1990 ஆம் ஆண்டை வன்னி நிலம் வேறு காரணத்தினால் நினைவிற் கொண்டிருக்கிறது. அவ்வாண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. அதன்பின் நெடுங்காலம் வடபுலத்துக் கடிதங்கள் எப்பொழுது வரும், எவ்வழியே வரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பிரிந்த குடும்பத்தவர்க்கிடையே சர்வதேச செஞ்சிலுவைக் குழு சுமந்து சென்ற செய்தித் தாள்கள் பலருக்கு ஒரே துணையாயின. திறந்த தாளிலே குடும்பச் செய்தி மட்டும் எழுதப்பட்டு, கைமாறிக் கைமாறிச் சென்ற அக்கடிதங்களும் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் முறையிலேயே சென்றன. ஒரு தாளைக் கையேற்றவர் அதைத் தொலைத்துவிட்டால், மறுகரையிலே ஒரு தாய் தன் பிள்ளை இருக்கிறானோ இல்லையோ என்று அறியாமலிருப்பாள். கையேற்றல் என்னும் செயலுக்கு எத்துணைப் பாரம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மின்னஞ்சல் உலகிலும் கையேற்றலுக்குத் திட்டவட்டமான விதி உண்டு. 1982 இல் யோன் பொஸ்டல் என்பார் வகுத்தளித்த அஞ்சற் பரிமாற்ற விதிகளே, காலத்துக்கேற்ற திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளின்படி ஒரு சேவையகம் மற்றொரு சேவையகத்திடம் கடிதத்தைக் கொடுக்கும்பொழுது, வாங்குவது மூன்றிலக்க எண் ஒன்றால் மறுமொழி சொல்லும். 250 என்று சொன்னால் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பது பொருள். நான்கில் தொடங்கும் எண்ணைச் சொன்னால் ‘இப்பொழுது இயலாது, பின்னர் வருக’ என்பது பொருள். ஐந்தில் தொடங்கும் எண்ணைச் சொன்னால் ‘ஏற்க மாட்டேன், திரும்ப வர வேண்டாம்’ என்பது பொருள். 250 என்று ஒருமுறை சொல்லிவிட்டால், கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பது அல்லது சேர்க்க இயலவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிப்பது வாங்கியவரின் பொறுப்பாகும். ஆதலினாலே ஒழுங்காக அமைந்த சேவையகம் கடிதத்தை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு 250 என்று சொல்லாது. வட்டிலே எழுதி முடித்த பின்னரே சொல்லும். அடுத்த கணம் மின்சாரம் நின்றாலும் கடிதம் வட்டில் இருக்கும்.

சேவையக நிருவாகம் என்பதன் முழுப் பொருளும் இந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதில் அடங்கியிருக்கிறது. பயனருக்கு எல்லை வகுப்பதும், சுமையை அளப்பதும், சில வேளை கதவை மூடுவதும் இதன் பொருட்டே. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வன்னியிலே வாழ்வோர்க்கு இதனைக் குளத்தை வைத்து விளக்குதல் எளிது. முள்ளிவாய்க்கால் என்னும் ஊர்ப்பெயரிலேயே வாய்க்கால் உண்டு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய கரைக்கு மேற்கே முத்தையன்கட்டுக் குளமும், தெற்கே தண்ணிமுறிப்புக் குளமும், அப்பால் கிளிநொச்சியிலே இரணைமடுவும் இருக்கின்றன. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு. வயலுக்கு நீர் விடத் துருசு உண்டு. மிகுந்த நீர் வழிய வான் உண்டு. மழை ஒரே நாளிற் பெய்யும். வயல் பல நாட்களில் நீர் குடிக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைத் தாங்குவதே குளத்தின் தொழில். அவ்வாறே கடிதங்கள் காலை ஒன்பது மணிக்கு வெள்ளம்போல் வருகின்றன. கணினியோ ஒரு நேரத்தில் இவ்வளவுதான் செய்ய வல்லது. இடையிலே நின்று தாங்கும் குளமாக ‘வரிசை’ எனப்படும் சேமிப்பிடம் அமைகிறது.

முதலாவதாகப் பயனர்கள். யுனிக்ஸிலே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பெயரும், ஒரு தொடர் எண்ணும், ஒரு குழுவும், ஓர் இருப்பிடமும் உண்டு. மனிதர் பெயரை அறிவர். கணினி எண்ணையே அறியும். எந்தக் கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பவை எண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. கடவுச்சொல்லோ எழுதியபடி வைக்கப்படுவதில்லை. திரும்ப மீட்க இயலாத வகையில் உருமாற்றியே வைக்கப்படுகிறது. ஆதலால் ‘என் கடவுச்சொல் என்ன?’ என்று கேட்பவர்க்கு நிருவாகி புதியது ஒன்றைக் கொடுக்கலாமேயன்றிப் பழையதைச் சொல்ல இயலாது. கடிதம் மட்டும் படிக்க வருபவருக்குக் கணினியின் உட்கூடத்தில் நுழைந்து கட்டளை இடும் உரிமை வேண்டியதில்லை. தபால் வாங்க வருபவருக்குப் பணப்பெட்டியின் சாவி எதற்கு? தேவையான உரிமையை மட்டும் கொடுத்தல் நல்ல நிருவாகியின் முதல் வழக்கம்.

இவ்விடத்தில் நிருவாகியின் உரிமையையும் சொல்ல வேண்டும். ‘றூட்’ எனப்படும் மூலப் பயனராக அவர் நுழைந்தால் அவருக்கு எக்கதவும் மூடியதன்று. மறைகுறியிடாத எவருடைய கடிதத்தையும் திறந்து பார்க்க அவரால் முடியும். பார்க்காதிருப்பதே அவருடைய ஒழுக்கம். ஆயிரம் கடிதங்கள் கைவழியே செல்ல, ஒன்றையும் ஒளியிற் பிடித்துப் பாராத தபாற்காரரை ஊர் எவ்வாறு மதித்ததோ, அவ்வாறே இவரும் மதிக்கப்படல் தகும்.

பயனர் வருவதுபோலப் போவதும் உண்டு. மாணவர் பட்டம் பெற்று வெளியேறுவர். உத்தியோகத்தர் இடமாற்றம் பெறுவர். அவர்களுடைய பெட்டிகளைக் கவனியாமல் விட்டால் வட்டு நிறையும். எவரும் காவாத பெட்டி திருடனுக்கும் வசதியாகும். உடனே அழித்தாலோ, பின்னால் வரும் முக்கிய கடிதம் ஒன்று வழியிழந்து போகும். எனவே குறித்த காலத்துக்கு மாற்று முகவரிக்கு அனுப்பி, பின்னர் மூடுவர். முகவரி மாறியவரின் துயரத்தை வன்னி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தபொழுது, உயிர் தப்பி வந்தோரில் பெரும்பாலானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே வைக்கப்பட்டனர். அம்முகாம்கள் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை எத்தனையோ பேருடைய முகவரி ஒரு கூடாரமாயிருந்தது. பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைப் புதிய முகவரிக்கு அனுப்ப ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

இரண்டாவதாகப் பங்கு. சிறுபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் இத்தனை அடி நீர் உண்டு, ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கே முடிவு செய்வர். முடிவை மீறி ஒருவர் மிகுதியாக விதைத்தால், வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்துபோகும். சேவையகத்திலும் ஒவ்வொருவருக்கும் இடப்பங்கு வகுக்கப்படுகிறது. யுனிக்ஸின் வழக்கத்தில் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதல் எல்லையைக் கடந்தால் எச்சரிக்கை வரும். பொதுவாக 7 நாள் தவணை கொடுக்கப்படும். இரண்டாம் எல்லையை எவ்வகையாலும் கடக்க முடியாது. தவணையோடு கூடிய இந்த ஏற்பாடு மனித இயல்பை அறிந்து செய்யப்பட்டதாகும். திடீரென்று அடைபட்ட பெட்டி சினத்தை உண்டாக்கும். முன்னறிவித்தல் ஒழுங்கை உண்டாக்கும்.

இடத்தை நிரப்புவதில் இணைப்புகளே முதலிடம் பெறுகின்றன. மின்னஞ்சல் எழுத்துகளுக்காக அமைந்தது. படத்தை அதன்வழி அனுப்ப வேண்டுமாயின் அதனை எழுத்துகளாக மாற்ற வேண்டும். மாற்றும்பொழுது மூன்று பங்கு நான்கு பங்காகிறது. 9 மெகாபைற்றுப் படம் 12 மெகாபைற்றாகச் செல்லும். அதனை 200 பேருக்கு ஒருவர் அனுப்பினால் 2,400 மெகாபைற்று இடம் வேண்டும். படத்தை ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தின் முகவரியை மட்டும் 200 பேருக்கும் அனுப்பினால் இச்சுமை முழுவதும் நீங்கும்.

மூன்றாவதாகச் சுமை. குளத்தின் நீர்மட்டத்தைக் காட்ட அளவுகோல் இருப்பதுபோல், யுனிக்ஸிலே ‘சுமைச் சராசரி’ என்னும் அளவு உண்டு. ‘அப்டைம்’ என்று தட்டச்சிட்டால் மூன்று எண்கள் தோன்றும். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகியவற்றின் நிலையை அவை முறையே குறிக்கும். வேலைக்காகக் காத்து நிற்பனவும் வேலை செய்து கொண்டிருப்பனவுமான பணிகள் சராசரியாக எத்தனை என்பதே அவற்றின் பொருள். நான்கு செயலிகள் உள்ள கணினியில் 4 என்று காட்டினால் எல்லாரும் வேலையில் உள்ளனர், எவரும் காத்திருக்கவில்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். 20 என்று காட்டினால் பதினாறு பேர் வாசலில் நிற்கின்றனர். மூன்று எண்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். முதல் எண் பெரிதாயும் மூன்றாவது சிறிதாயும் இருந்தால் வெள்ளம் இப்பொழுதுதான் வருகிறது. முதல் எண் சிறிதாயும் மூன்றாவது பெரிதாயும் இருந்தால் வெள்ளம் வடிகிறது.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. லினக்ஸிலே வட்டுக்காகக் காத்து நிற்கும் பணிகளும் இவ்வெண்ணிற் சேரும். செயலி ஓய்ந்திருக்கும், வட்டுத்தான் மூச்சுத் திணறும். அப்பொழுது வேகமான செயலி வாங்கினாற் பயனில்லை. பழைய முறையிலே ஒருவருடைய கடிதங்கள் யாவும் ஒரே நீண்ட கோப்பாக இருக்கும். நடுவிலுள்ள ஒன்றை அழித்தாலும் கோப்பு பெரும்பாலும் மீண்டும் எழுதப்பட வேண்டும். எழுதும்வரை கோப்புக்குப் பூட்டு. 1990களிலே டானியல் பேர்ன்ஸ்ரைன் தம் ‘கியூமெயில்’ நிரலோடு அறிமுகப்படுத்திய முறையிலே ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பாயிற்று, பூட்டும் வேண்டாததாயிற்று.

பயனரின் சிறு பழக்கமும் பெருஞ்சுமையாகும். 1,000 பேர் தத்தம் கருவியை நிமிடத்துக்கு ஒருமுறை ‘கடிதம் வந்ததா?’ என்று கேட்கும்படி அமைத்தால், சேவையகம் நாளொன்றுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் முறை விடை சொல்ல வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் 96 ஆயிரம் முறையே போதும். எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. சுமையோ பதினைந்தில் ஒன்றாகிறது.

இவ்வளவு செய்தும் வெள்ளம் மிஞ்சினால் வான்கதவு வேண்டும். எரிக் ஓல்மன் என்பார் பேர்க்லியில் எழுதிய ‘சென்ட்மெயில்’ நிரல் பல்லாண்டு காலம் உலகின் பெரும்பங்கு மடல்களைச் சுமந்தது. அதிலே சுமைக்கேற்ப நடக்கும் இரண்டு படிகள் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு செயலிக்குச் சுமைச் சராசரி 8 ஐத் தாண்டினால், வந்த கடிதத்தை உடனே அனுப்ப முயலாமல் வரிசையில் மட்டும் வைக்கும். 12 ஐத் தாண்டினால், புதிதாக வரும் சேவையகங்களின் இணைப்பை ஏற்காது. இவ்வெண்களை நிருவாகி மாற்றிக்கொள்ளலாம். 1998 இலே வெளிவந்த வீற்சே வெனேமாவின் ‘போஸ்ட்பிக்ஸ்’ நிரலோ, ஒரு பெரும் பணியாளருக்குப் பதிலாகச் சிறு பணியாளர் பலரை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலையே கொடுத்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேற்படலாகாது என்பது அதன் வழக்கமான எல்லை.

‘பின்னர் வருக’ என்று சொல்வது தோல்வி போலத் தோன்றலாம். உண்மையில் அதுவே நேர்மையான மறுமொழி. அவ்வாறு கேட்ட சேவையகம் கடிதத்தைத் தன் வரிசையிலேயே வைத்திருந்து, அரை மணி நேரம் போன்ற இடைவெளிவிட்டு மீண்டும் முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாட்கள் முயன்ற பின்னரே கைவிடலாம் என்று விதிகள் அறிவுறுத்துகின்றன. ஆகவே ஒரு மணி நேரம் கதவை மூடிய சேவையகத்தால் எந்தக் கடிதமும் இழக்கப்படுவதில்லை; சிறிது தாமதமாகிறது. தாங்க முடியாததைத் தாங்குவேன் என்று ஏற்று, நடுவழியில் விழுந்த சேவையகத்தாலோ கடிதம் இழக்கப்படலாம். 2018 டிசெம்பர் மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்நிலங்களிலே வெள்ளம் புகுந்ததை மக்கள் மறக்கவில்லை. நீர் இவ்வளவு வருகிறது என்பதை உரிய வேளையில் அளந்தறிவதும், அறிந்ததை உரியவர்க்கு அறிவிப்பதும் குளத்துக்கும் பொது, சேவையகத்துக்கும் பொது.

சுமை எப்பொழுதும் நல்லோர் தேவையினாலே வருவதன்று. 1988 நவம்பர் 2 ஆம் நாள் றொபேட் மொறிஸ் என்னும் மாணவர் வெளியிட்ட நிரலொன்று யுனிக்ஸ் கணினிகளுக்குள் தானாகவே பரவியது. ‘சென்ட்மெயில்’ நிரலின் ஒரு பலவீனமும் அதற்கு வழியாயிற்று. ஏற்கெனவே புகுந்த கணினியிலும் ஏழில் ஒரு தடவை மீண்டும் புகுமாறு அது எழுதப்பட்டிருந்தது. அதனாற் பிரதிகள் பெருகின, சுமைச் சராசரி ஏறியது, கணினிகள் அசைவற்றன. அக்கால இணையத்தின் 60 ஆயிரம் கணினிகளுள் ஏறத்தாழ 6 ஆயிரம் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டனர். எவருடைய கோப்பையும் அது அழிக்கவில்லை. சுமை ஒன்றே அழிவாயிற்று.

வேண்டாத விளம்பர மடல்களும் இவ்வாறே. 1978 இலே கணினி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒருங்கே அனுப்பிய விளம்பரத்தை இவ்வகையின் முதல் மடல் என்பர். இன்று உலகில் ஓடும் மடல்களுள் ஏறக்குறைய அரைப்பங்கு இத்தகையது எனப் பாதுகாப்பு நிறுவனங்கள் கணிக்கின்றன. ஒருவருடைய எளிய கடவுச்சொல்லைத் திருடன் கண்டுபிடித்துவிட்டால், அவர் பெயராலே ஓரிரவில் ஆயிரமாயிரம் மடல்கள் புறப்படும். விடிவதற்குள் அச்சேவையகம் உலகின் தடைப்பட்டியல்களில் ஏறிவிடும். அதன்பின் குற்றமற்ற ஏனைய பயனர்கள் எழுதும் விண்ணப்பமும் நலவிசாரிப்பும் வாசலிலேயே தடுக்கப்படும். ஒருவர் மணிக்கு இத்தனை மடல்தான் அனுப்பலாம் என்று எல்லை வைப்பது இதனாலேயே. அது பயனரை அவமதிப்பதன்று. ஒரு வயலின் உடைப்பு ஊர் முழுவதையும் அழிக்காதபடி இடும் வரம்பு.

தீய எண்ணம் இல்லாமலே வெள்ளம் வருவதும் உண்டு. 2016 நவம்பரிலே இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஒரு சோதனை மடல் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியருக்குச் சென்றது. பெற்றவருட் பலர் ‘எனக்கு ஏன் இது வந்தது? என்னை நீக்குக’ என்று எல்லாருக்கும் மறுமொழி எழுதினர். ஒவ்வொரு மறுமொழியும் மீண்டும் அனைவருக்கும் சென்றது. சேவை முழுவதும் தளர்ந்தது. அந்த மறுமொழிகளை எழுதாதிருந்தால் முதல் மடல் எவருக்கும் பெருந்தொல்லையாகியிராது.

இனி, சேவையகம் தளர்ந்துவிட்ட ஒரு நாளிலே நிருவாகி செய்வன யாவை என்பதை நோக்குவோம். தொலைபேசி இடைவிடாது ஒலிக்கும். மேலதிகாரி வாசலில் நிற்பார். அந்நேரத்திலே கைவைக்க எளிதான வழிகள் இரண்டு உண்டு. கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்குதல் ஒன்று. வரிசையிலே குவிந்து கிடப்பவற்றை முழுதும் அழித்தல் மற்றொன்று. முதலாவது காரணத்தை மறைத்துவிடும். அரை மணியில் அதே தளர்ச்சி திரும்பும். இரண்டாவதோ தபாற்பையைத் தீயிடுதல் போன்றது. அக்குவியலில் 9 ஆயிரம் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பும், ஒரு வைத்திய அறிக்கையும் இருக்கக்கூடும். அவையும் 250 என்று சொல்லி ஏற்கப்பட்டவையே.

தேர்ந்த நிருவாகி பொறுமையோடு படிப்படியாகச் செல்வார். சுமை எண்களைப் பார்ப்பார். செயலியா, நினைவகமா, வட்டா எது திணறுகிறது என்று பிரித்தறிவார். வட்டிலே இடம் உண்டா என்று நோக்குவார். வரிசையிலே எவர் பெயரால் மிகுதியான மடல்கள் நிற்கின்றன என்று எண்ணுவார். ஒரே பெயரால் ஆயிரக்கணக்கில் நின்றால், அந்த ஒரு கணக்கை மட்டும் நிறுத்தி, அதன் மடல்களைத் தனியே ஒதுக்கி வைப்பார். உரியவரோடு பேசிக் கடவுச்சொல்லை மாற்றுவிப்பார். ஏனையோரின் கடிதங்கள் மீண்டும் ஓடத் தொடங்கும். பின்னர் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். அடுத்த முறை அவ்விடத்தில் வேறொருவர் இருந்தாலும் அக்குறிப்பு அவருக்கு வழிகாட்டும்.

ஒவ்வொரு அஞ்சல் இடத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்னும் பெயரால் ஒரு முகவரி கட்டாயம் இருத்தல் வேண்டும் என்று இணைய விதிகள் கூறுகின்றன. நம் வழக்கிலே அது தபாலதிபர். இயந்திரங்கள் அனைத்தும் தவறினாலும், ‘என் கடிதம் எங்கே?’ என்று கேட்பவருக்கு விடை சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. அம்முகவரிக்கு வரும் முறைப்பாட்டை எவரும் படிக்காமல் விட்டால், ஏனைய ஏற்பாடுகள் எவ்வளவு சிறந்தனவாயினும் குறையுடையனவே.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 இலே செய்தித் தாளுக்காகக் காத்திருந்தோரின் பேரப்பிள்ளைகள் அங்கே கணினி கற்கின்றனர். அவர்களுட் சிலர் நாளை ஏதேனும் ஒரு நகரத்திலே ஒரு சேவையகத்தின் காவலராவர். வேகத்தையும் கொள்ளளவையும் நூல்கள் அவர்களுக்குக் கற்பிக்கும். காத்திருப்பவரின் மனநிலையை மட்டும் நூல்களினின்று கற்பது அரிது. அதனை அவர்கள் தம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கின்றனர். வரிசையில் நிற்பது வெறும் எண்ணன்று, ஒருவருடைய சொல் என்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள் என்று நம்பலாம்.

நேயர்கள் செய்யக்கூடியவையும் சில உண்டு. நீண்டதொரு கடவுச்சொல்லை வைத்து, அதனை வேறெங்கும் பயன்படுத்தாதிருத்தல். வேண்டாத பெரிய மடல்களை அவ்வப்போது அகற்றுதல். எல்லாருக்கும் மறுமொழி அனுப்புமுன் ஒருமுறை சிந்தித்தல். பெட்டி நிறைகிறது என்ற எச்சரிக்கை வந்தால் தவணைக்குள் ஆவன செய்தல் என்பனவே அவை. பொதுக் குளத்து நீரைப் பங்கிட்டு வாழப் பழகியோர்க்கு இவை புதியன அல்ல.